பழகிய செவியும் புதிய கூத்தும்

நெடுங்காலம் பழகிய கலையொன்று புதுக்கோலம் பூண்டு மக்கள்முன் வரும்பொழுது, அதனை முதன்முதல் எதிர்கொள்பவர் அதன் பழைய இரசிகரே ஆவர். புதியவருக்கு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஏதும் இல்லை. கண்டதைக் கண்டவாறே ஏற்பர். பழைய இரசிகரோ ஒரு செவியால் இன்றைய பாட்டையும் மறுசெவியால் நேற்றைய பாட்டையும் கேட்பவர். ஆதலால் அவரது முதற் சொல் பெரும்பாலும் ஒரு கேள்வியாகவே பிறக்கிறது: “இது நம்முடையதுதானா?” அந்தக் கேள்வியில் அன்பும் உண்டு, அச்சமும் உண்டு. இலங்கையின் வடமேற்குக் கரையிலே, மன்னார், மாதோட்டம், மடு ஆகிய இடங்களைச் சூழ்ந்து வளர்ந்த கத்தோலிக்கக் கூத்து மரபின் வரலாறு, இந்தக் கேள்வி தலைமுறைதோறும் எழுந்து, தலைமுறைதோறும் விடை பெற்ற வரலாறாகும்.

கேள்வி மன்னாருக்கு மட்டும் உரியதன்று. மேல்நாட்டு இசையுலகில் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடிவரும் றோலிங் ஸ்ரோன்ஸ் என்னும் இசைக்குழு, 2005-க்குப் பின்னர் முதன்முறையாகத் தன் சொந்தப் புதுப்பாடல்கள் கொண்ட இசைத்தொகுப்பொன்றை 2023 ஒக்ரோபர் 20-இல் வெளியிட்டது. இடையில் 2021 ஓகஸ்டில் அக்குழுவின் முழவிசைஞர் சார்லி வாற்ஸ் மறைந்திருந்தார். ஆதலால் பாட்டைக் கேட்பதற்கு முன்னரே, முழவில் யார் என்பதே பழைய இரசிகரின் கேள்வியாயிற்று. மறைந்தவர் முன்னரே வாசித்து வைத்த பதிவுகள் இரண்டு பாடல்களில் இடம்பெற்றன. ஏனையவற்றில் வேறு கை ஒலித்தது. மத்தளக்காரர் மாறினால் கூத்தின் நடை மாறும் என்பதை நன்கறிந்த மன்னார்க் கரையாருக்கு இந்தக் கவலை எளிதில் விளங்கும்.

அதற்கும் முன்பு, 1965 யூலை 25-இல், அமெரிக்காவின் நியூபோட் நாட்டார் இசைவிழாவிலே பொப் டிலான் என்னும் பாடகர் மின்கித்தார் ஏந்தி மேடையேறியபொழுது, அவையினரில் ஒரு பகுதியினர் கூச்சலிட்டனர். மின்னிசையை வெறுத்துக் கூவியவரும், ஒலியமைப்புச் செம்மையாக இல்லை என்று கூவியவரும், மூன்றே பாடல்களோடு வாத்தியக் குழு இறங்கிவிட்டதே என்று சினந்தவரும் அதில் இருந்தனர் என்பர். எது பெரிது என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை. அடுத்த ஆண்டு மே 17-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் அவையினர் ஒருவர் அவரை நோக்கி “யூதாஸ்” என்றே கூவினார். முப்பது வெள்ளிக்காசுக்கு ஆண்டவரைக் காட்டிக்கொடுத்தவனின் பெயரது. தவக்காலந்தோறும் பாடுகளின் காட்சியில் அந்தப் பாத்திரத்தைக் கண்டுவந்த மன்னார்க் கரை மக்கள், ஒரு பாடகனை அப்பெயரிட்டு அழைப்பதன் கடுமையை உணர்வர். பழைய இரசிகரின் முதற்சினம் அவ்வளவு ஆழமானது. ஆயினும் அவ்வாறு இகழப்பட்ட பாடல்கள் பிற்காலத்தில் அப்பாடகரின் சிறந்த பாடல்களுள் வைத்து எண்ணப்பட்டன.

இனி மன்னாருக்கு வருவோம். மாதோட்டம் பழந்துறைமுகம், திருக்கேதீச்சரத்தால் சம்பந்தராலும் சுந்தரராலும் பாடப்பெற்ற பதி. அக்கரையிலே 16ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்க சமயம் வேரூன்றியது. 1560-இல் போர்த்துக்கேயர் மன்னார்த் தீவைக் கைப்பற்றினர். 1658-இல் அது ஒல்லாந்தர் கைக்கு மாறியது. ஒல்லாந்தர் ஆட்சியிலே கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. அக்காலத்தில், 1670ஆம் ஆண்டளவில், மாந்தையில் இருந்த மாதாவின் சொரூபத்தைக் காப்பதற்காகக் கத்தோலிக்கக் குடும்பங்கள் இருபது அதனை எடுத்துக்கொண்டு வன்னிக் காட்டினுட் சென்று மருதமடுவில் குடியேறின என்பது வழிவழி வரும் வரலாறு. இவ்வாறு தோன்றிய மடுத் திருப்பதியில் 1924 யூலை 2-இல் மாதாவின் சொரூபத்துக்கு முடிசூட்டப்பட்டது. தமிழரும் சிங்களவரும் ஒருங்கே கூடி, இரு மொழியிலும் செபித்துப் பாடும் தலமாக அது நிலைத்தது.

குருமார் வெளிப்படையாக நடமாட முடியாத அந்தக் காலத்திலே விசுவாசத்தைக் காத்தவற்றுள் பாட்டும் ஒன்று. கோவாவிலிருந்து வந்த சூசை வாஸ் அடிகள் 1687-இலும், யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் 1705-இலும் இலங்கையை அடைந்தனர். கொன்சால்வெஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் பல இயற்றினார். அவரது ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலத்தில் இராகத்தோடு வாசிக்கப்படும் வழக்கம் இன்றும் உண்டு. இத்தகைய சூழலிலேயே, இராமாயண பாரதக் கதைகளை ஆடிவந்த தமிழ்க் கூத்து வடிவம், அர்ச்சியசிட்டவரின் கதைகளையும் விவிலியக் கதைகளையும் ஏற்றது. கீழைநாட்டு ஞானிகள் மூவர் பாலகனைத் தேடிவந்த கதை ‘மூவிராசாக்கள் நாடகம்’ ஆயிற்று. ‘என்றீக் எம்பரதோர் நாடகம்’ தன் பெயரிலேயே போர்த்துக்கேயச் சொல்லைத் தாங்கி நின்றது. ‘ஞானசௌந்தரி’ கதையும் மேடையேறியது.

இது அக்கலையின் முதலாவது புதுக்கோலம். கதை மாறியது, ஆயின் மத்தளம் மாறவில்லை, தாளம் மாறவில்லை, வரவும் விருத்தமும் தருவும் மாறவில்லை. செவிக்குப் பழகியவற்றைப் பேணிக்கொண்டு, கண்ணுக்கும் கருத்துக்கும் புதியதைக் கொடுத்தமையாலேயே மக்கள் அதனைத் தமதாக்கிக்கொண்டனர். காலப்போக்கில் அப்பகுதியின் பாடல்முறை ‘மாதோட்டப் பாங்கு’ என்று தனிப்பெயர் பெற்றது. வடக்கே வழங்கியது ‘யாழ்ப்பாணப் பாங்கு’ எனப்பட்டது. ஒரே கூத்து மரபுக்குள் இரு பாங்குகள் தோன்றின என்றால், அவற்றை வேறுபடுத்தி உணரும் நுண்செவி படைத்த இரசிகர் இருந்தனர் என்பது பெறப்படும்.

அந்த இரசிகர் எத்தகையவர் என்பதை அறிந்தாலன்றி அவரது தீர்ப்பின் வலிமை விளங்காது. கூத்து என்பது ஊரின் முயற்சி. அண்ணாவியார் ஏட்டைப் பார்த்துப் பாத்திரங்களைப் பகிர்ந்து, மாதக்கணக்கிற் பழக்குவார். அந்தப் பழக்கத்தை ஊரார் நாள்தோறும் கேட்பர். அரங்கேற்ற இரவில் பாய்விரித்து அமர்பவருள் முன்னாளில் அதே வேடத்தைத் தாங்கி ஆடியவர் இருப்பர். அவருடைய பிள்ளை இப்போது மேடையில் நிற்கும். அரசன் வரவுத் தருவில் ஓர் அடி பிசகினாற் பாயிலிருப்பவர் வாய் தானே திருத்திப் பாடும். இத்தகைய அவையிலே இரசிகர் வெறும் பார்வையாளர் அல்லர், கலையின் காவலர். அவர் ‘பழைய ஆட்டம் போல் இல்லை’ என்று சொல்வது வெறும் முறைப்பாடு அன்று. எழுத்தில் அடங்காத இராகத்தையும் ஆட்டத்தையும் ஒரு தலைமுறையிலிருந்து மறுதலைமுறைக்குச் சிதையாமற் கொண்டுசேர்த்தது அந்தக் கண்டிப்பே.

ஆயினும் அக்காவலரே ஒரு பெருமாற்றத்தை ஏற்றுக்கொண்டனர். நாடகம் பல இரவுகள் நீண்டது. அதனைச் சுருக்கி, ஓரிரவில் ஆடி முடிக்கத்தக்கதாக அமைத்த வடிவமே ‘வாசாப்பு’ என்று ஆய்வாளர் கூறுவர். ‘வாசகப்பா’ என்னும் சொல்லின் மரூஉ அது. கூத்தைச் சுருக்குதல் நகரத்தார் செய்த புதுமை என்று பிற்காலத்தில் எண்ணியவர் உண்டு. மன்னார்க் கரையின் கிராமங்கள் அதனைத் தாமே செய்திருந்தன என்பதற்கு வாசாப்பே சான்று. கடலுக்குப் போகிறவனுக்கும் வயலுக்குப் போகிறவனுக்கும் எத்தனை இரவு கண்விழிக்க முடியும் என்பதை அறிந்தவர்கள் செய்த சுருக்கம் அது. ஆகவே அது பகையாகத் தோன்றவில்லை.

மற்றொரு புதுக்கோலம் மொழியையே மாற்றிக்கொண்டு பிறந்தது. மன்னாருக்குத் தெற்கே மேற்குக் கரையோரமாகச் சிலாபம், நீர்கொழும்பு ஆகிய ஊர்களின் கத்தோலிக்க மக்களிடையே இக்கூத்து சிங்களத்தில் ‘நாடகம’ என்னும் பெயரோடு வளர்ந்தது. மூவிராசாக்களின் கதை அங்கே ‘ராஜ துன்கட்டுவ’ ஆயிற்று. பிலிப்பு சிஞ்ஞோ என்னும் கொல்லரைச் சிங்கள நாடகமவின் முன்னோடி என்று மரபு போற்றுகிறது. அதன் இசையிலும் பெயர்களிலும் தமிழ்க் கூத்தின் தடம் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பார்சி நாடகத்தின் வழிவந்த ‘நூர்த்தி’ நகர மேடைகளைப் பிடித்துக்கொண்டது. திரையும் காட்சியும் ஆர்மோனியமும் கண்ட நகர இரசிகருக்கு நாடகம பழைமையானதாய்த் தோன்றிற்று. அது தென்கரைக் கிராமங்களில் ஒடுங்கியது.

அவ்வாறு ஒடுங்கிய கலையைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர தேடிச் சென்றார். நாடகம மரபில் வல்லவரான சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருநான்சேயின் துணையோடு இசையமைத்து, மாணவரை நடிக்கச்செய்து, ‘மனமே’ என்னும் நாடகத்தை 1956 நவம்பர் 3-இல் கொழும்பு லயனல் வென்ற் அரங்கில் மேடையேற்றினார். ஆங்கிலம் கற்ற நகர இரசிகர், தாம் கிராமத்துக் கலை என்று ஒதுக்கிய வடிவத்தை அன்று புதுமை என்று கண்டனர்; ரெஜி சிறிவர்த்தன முதலிய விமர்சகர் அதனை மனமுவந்து போற்றினர். இதில் ஒரு விந்தையைக் காணலாம். பழைய இரசிகருக்கு அது நெடுநாட் பழகிய மத்தள ஒலி. புதிய இரசிகருக்கோ இதுவரை கேளாத ஒலி. ஒரே இரவில் ஒரே கலை, ஒருவருக்கு வீடு திரும்பலாகவும் மற்றவருக்குப் புதுநாடு காணலாகவும் அமைந்தது.

அதே பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த சு. வித்தியானந்தன் இதனை உற்று நோக்கினார். சிங்கள மேடைக்கு இத்துணை வலிமை தந்த கூத்தின் மூலம் தமிழரிடம் இருக்க, தமிழ் நகரத்தாரோ அதனை மறந்திருந்தனர். 1956 முதல் இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கிய அவர், ஊரூராகச் சென்று அண்ணாவிமாரைக் கண்டார். கூத்துப் போட்டிகளை நடத்துவித்தார். பின்னர் மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மாணவருக்குப் பழக்கினார். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் ஆட்டம் பழக்கினார். 1962-இல் ‘கர்ணன் போர்’, 1963-இல் ‘நொண்டி நாடகம்’, 1964-இல் ‘இராவணேசன்’, 1968-இல் ‘வாலிவதை’ என அவை மேடையேறின. ‘இராவணேசன்’ நாடகத்தில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு.

விடியவிடிய ஆடிய கூத்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குள் அடங்கியது. நாற்புறமும் மக்கள் சூழ்ந்திருந்த வட்டக்களரி போய், ஒருபுறமே நோக்கும் படச்சட்ட மேடை வந்தது. இதற்குக் கிடைத்த வரவேற்பு இருவகைப்பட்டது. கூத்தென்றால் நாணிய கற்றோர், அதன் ஆட்டத்தின் வீரத்தையும் பாட்டின் உரத்தையும் கண்டு பெருமை கொண்டனர். கூத்திலேயே வாழ்ந்தோருட் சிலரோ, “வெட்டிக் குறைத்துவிட்டார்களே” என்றும், “கூத்தை ஊரிலிருந்து எடுத்துப் பட்டணத்தாருக்குக் கொடுத்துவிட்டார்களே” என்றும் குறைகண்டனர்.

இருசாராரும் கூறியதில் உண்மை உண்டு. கற்றோரின் மகிழ்ச்சி கூத்துக்கு மதிப்புத் தந்தது. குறைகண்டோரின் மனத்தாங்கலோ, இழந்தது எது என்பதைச் சுட்டிக்காட்டியது. விடியற்காலத்தில் சோர்வும் பத்தியும் கலந்து நிற்கும் அவையை ஒன்றரை மணி நேரத்திற் படைத்தல் இயலாது. ஒரு வேடத்துக்கு ஒரு குடும்பம் காட்டும் பற்றை நுழைவுச்சீட்டு வாங்கி வந்தவரிடம் எதிர்பார்த்தலும் இயலாது. ‘இராவணேசன்’ பின்னர் மௌனகுருவாலேயே மீண்டும் புதுக்கப்பட்டு, புதிய தலைமுறையினரைக் கொண்டு மேடையேறியது. அப்பொழுது 1964ஆம் ஆண்டின் ஆட்டத்தைக் கண்டவரே பழைய இரசிகர் ஆயினர். நேற்றைய புதுமை இன்றைய அளவுகோலாயிற்று. முதற் பார்வையில் எழும் தீர்ப்பின் இயல்பு இதனாற் புலனாகும்.

மன்னார்க் கூத்துக்கு வித்தியானந்தன் செய்த தொண்டு மேடையைவிட அச்சிலேயே மிகுதி. ‘என்றீக் எம்பரதோர் நாடகம்’ 1964-இலும், ‘மூவிராசாக்கள் நாடகம்’ 1966-இலும், ‘ஞானசௌந்தரி நாடகம்’ 1967-இலும் அவர் பதிப்பாக வெளிவந்தன. ஏட்டிலும் கொப்பியிலும் அண்ணாவிமார் வீட்டுப் பெட்டிகளிற் கிடந்தவை இவ்வாறு நூலுருப் பெற்றன. அச்சும் ஒரு புதுக்கோலமே. நூலில் பாட்டின் சொல் இருக்கும், இராகம் இராது. ஊருக்கு ஊர் வேறுபட்ட பாடங்களுள் ஒன்று அச்சேறியதும், மற்றவை பிழை என்று கருதப்படும் இடரும் உண்டு. ஆயினும் அந்நூல்கள் வெளிவந்த காலம் எத்துணை பொருத்தமானது என்பது பிற்பாடுதான் விளங்கிற்று.

1983 முதல் 2009 வரை நீடித்த போர் மன்னார்க் கரையை உலுக்கியது. ஊர்கள் வெறுமையாயின. பலர் தலைமன்னார்க் கடலைத் தாண்டி இராமேசுவரம் சென்று மண்டபம் முகாமில் தஞ்சம் புகுந்தனர். பலர் மடுத் திருப்பதியின் வளவிலேயே அடைக்கலம் தேடினர். 1999 நவம்பரில் அத்திருப்பதியிலேயே எறிகணை வீழ்ந்து அடைக்கலம் புகுந்தோர் பலர் மாண்டனர். 2008 ஏப்பிரிலில் மாதாவின் சொரூபம் மடுவை விட்டுத் தேவன்பிட்டிக்கு எடுத்துச் செல்லப்பட்டு, அவ்வாண்டு ஓகஸ்டிலே திரும்பக் கொண்டுவரப்பட்டது. மாந்தையிலிருந்து மடுவுக்குச் சென்ற பழைய பயணத்தின் நினைவை அது எழுப்பியது.

கூத்துக்கு அரங்கு மட்டும் போதாது. பாயில் அமர்ந்து திருத்திப் பாடும் அவை வேண்டும். ஊர் கலைந்தால் அவை கலையும். அவை கலைந்தால் ‘இது நம்முடையதுதானா’ என்று கேட்பதற்கு ஆள் இல்லை. அப்பொழுது எதை ஆடினாலும் ஏற்கப்படும். ஏற்கப்படுவதனாலேயே எதுவும் நிலைக்காது. போர்க்காலம் இக்கலைக்கு இழைத்த பெருந்தீங்கு இதுவே எனலாம். ஏடுகள் எரிந்தால் அச்சுநூல் உண்டு. எரியாத ஏட்டையும் நூலையும் வைத்துக்கொண்டு, இந்தத் தரு இந்த இராகத்தில் வரும் என்று சொல்ல ஒரு முதியவர் இல்லையெனின், அது வெறும் எழுத்தே.

ஆகவே ஊர் திரும்பியவரும், புலம்பெயர்ந்து கனடாவிலும் ஐரோப்பாவிலும் குடியமர்ந்தவரும் கூத்தை மீண்டும் மேடையேற்றும்பொழுது, பழைய இரசிகரின் முணுமுணுப்பைக் கேட்டு வருந்துதல் வேண்டியதில்லை. ஒலிபெருக்கி வந்ததனால் குரலின் உரம் குறைந்தது என்று ஒரு முதியவர் சொல்வாராயின், உரமான குரல் எவ்வாறு இருந்தது என்பதை அவரிடமே கேட்டறிதல் தகும். அவர் மறுப்பது புதுமையை அன்று; தம் இளமையில் கேட்ட ஒன்று தம்மோடு மறைந்துபோகுமோ என்னும் அச்சத்தையே அவ்வாறு வெளியிடுகிறார்.

இரசிகருக்கும் இவ்வரலாறு ஒன்றை உணர்த்துகிறது. மூவிராசாக்களின் கதையைக் கூத்தாக முதன்முதல் ஆடிய இரவில், அது புதுமையே. பல இரவுகளை ஓரிரவாக்கிய வாசாப்பும் அன்று புதுமையே. இன்று மரபு என்று போற்றப்படுபவை யாவும் ஒருகாலத்தில் பழகிய செவிகளின்முன் அஞ்சி நின்றவை. முதல் இரவில் கேட்டவுடன் தள்ளாது, மறுமுறையும் கேட்டு, ஏற்கத்தக்கதை ஏற்றுக் குறையைச் சுட்டிய அவையினரே அவற்றை மரபாக்கினர்.

ஆடுவோர் புதியது செய்யும் துணிவும், கேட்போர் பழையதை நினைவிற்கொள்ளும் உறுதியும் ஒருங்கே இருக்குமளவும் கலைக்கு அழிவில்லை. துணிவு மட்டும் இருப்பின் கலை வேரற்றுப்போகும். நினைவு மட்டும் இருப்பின் அது பெட்டியுள் ஏடாகக் கிடக்கும். மாதோட்டப் பாங்கு இத்தனை நூற்றாண்டு கடந்து இன்றும் ஒலிக்கின்றதெனின், மேடையில் பாடியவரைப் போலவே பாயில் அமர்ந்து தலையசைத்தவரும், தலையசைக்க மறுத்தவரும் அதற்குக் காரணராவர்.